வேதிப்பொருள் வணிக இரகசியமும் அறியும் உரிமையும்

ஒரு வேதிக்கலவையின் சேர்மானத்தைப் போட்டியாளரிடமிருந்து மறைத்துவைக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. அதனால் வரும் ஆபத்தை அறியத் தொழிலாளருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் உரிமை உண்டு. இவ்விரண்டுக்கும் இடையிலான இழுபறி பெருமளவில் அமெரிக்கச் சட்டங்களில்தான் உருப்பெற்றது. காப்புரிமை வாங்கினால் செய்முறையை வெளியிட வேண்டும். காலம் முடிந்ததும் அது எல்லோருக்கும் பொதுவாகிவிடும். அதனால் பல நிறுவனங்கள் இரகசியத்தையே நம்பின.

அமெரிக்காவின் 1976ஆம் ஆண்டு நச்சுப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் உடல்நல ஆய்வுகளை மறைக்க இடம் தரவில்லை. ஆனால் பொருளின் பெயரை இரகசியம் எனக் கோர முடிந்தது. பெயர் தெரியாத பொருளைப் பற்றிய ஆய்வு யாருக்குப் பயன்படும்? புதிய பொருள்கள் குறித்து நிறுவனங்கள் தந்த அறிவிப்புகளில் சுமார் 95 விழுக்காட்டில் ஏதேனும் ஒரு தகவல் இரகசியமாகக் கோரப்பட்டதாக, அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2005இல் தெரிவித்தது.

தொழிற்கூடங்களுக்கான விதி 1983இல் வந்தது. பீப்பாயில் எச்சரிக்கை ஒட்ட வேண்டும்; பொருளுக்குப் பாதுகாப்புத் தகவல் தாள் வேண்டும். அந்தத் தாளில் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘வணிக இரகசியம்’ என்று எழுதலாம். ஆனால் அது உடலை என்ன செய்யும், எப்படித் தற்காத்துக்கொள்வது என்பதை மறைக்கக் கூடாது. உயிர் ஊசலாடும் நேரத்தில் மருத்துவரோ செவிலியரோ கேட்டால் உடனே பெயரைச் சொல்லியாக வேண்டும். இரகசியம் காப்பதாகக் கையெழுத்து வாங்குவது பிறகுதான். விதியின் உயிர்நாடி இந்தப் பகுதியே. தொழிலாளரும் பெயரைக் கேட்டுப் பெற வழி இருக்க வேண்டும் என 1985இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆலை வேலிக்கு வெளியே வாழ்ந்தவர்களுக்குச் சட்டம் வர, இந்தியாவின் போபாலில் ஒரு பேரழிவு நேர வேண்டியிருந்தது. 1984 டிசம்பர் 2ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி அங்கிருந்த யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து சுமார் 40 டன் மெத்தில் ஐசோசயனேட் கசிந்தது. மூச்சுத் திணறி வந்து குவிந்தவர்களுக்கு, அந்த வாயு உடலில் என்ன செய்யும், மாற்று மருந்து எது என்ற தெளிவான தகவல் இல்லாமலே மருத்துவர்கள் சிகிச்சை தந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். மறு ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் அதே நிறுவனத்தின் ஆலையிலும் கசிவு. 1986 அக்டோபரில் அமெரிக்கா ‘சமூகம் அறியும் உரிமை’ச் சட்டத்தை இயற்றியது. அதன்படி, பெயரை மறைப்பவர் காரணத்தை நிறுவ வேண்டும். அப்போதும் பொருளின் பொதுவகையைச் சொல்ல வேண்டும்.

ஓட்டைகள் அடைபடவில்லை. 2014 ஜனவரியில் மேற்கு வர்ஜீனியாவின் எல்க் ஆற்றில் வேதிப்பொருள் கலந்து, சுமார் 3 லட்சம் பேருக்குக் குழாய்த் தண்ணீரைப் பயன்படுத்த முடியாமல் போனது. கசிந்த தொட்டியில் இரண்டாவதாக ஒரு பொருளும் இருந்தது 12 நாள் கழித்தே வெளிவந்தது. அதன் சேர்மானம் தாளில் இரகசியம் எனக் குறிக்கப்பட்டிருந்தது. 2016இல் திருத்தப்பட்ட நச்சுப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம், பெரும்பாலான இரகசியக் கோரிக்கைகளுக்கு 10 ஆண்டு வரம்பு வைத்தது. நீட்டிக்க வேண்டுமானால் மீண்டும் நியாயம் காட்ட வேண்டும்.

இந்தியாவில் போபாலுக்குப் பின், 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் 41பி பிரிவு சேர்க்கப்பட்டது. அபாயகரமான ஆலையின் பொறுப்பாளர் ஆபத்துகளையும் தற்காப்பு முறைகளையும் தொழிலாளருக்கு மட்டுமன்றிச் சுற்றுவட்டார மக்களுக்கும் தெரிவிக்கக் கடமைப்பட்டவர் என்றது அது. ஆலைக்கு அருகே குடியிருப்பவர்கள் இத்தகைய தகவலைக் கேட்டு வாங்க வேண்டும்.