எலிகள் திருத்திய பிழை

கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்கு எலியின் சுரப்பியில் என்ன வேலை என்று கேட்பீர்கள். ஓ.எல்லோடு சயன்ஸைக் கைவிட்ட ஆக்கள்தான் நாங்கள். ஆனால் தைமஸ் சுரப்பியின் கதையில் ஒரு வரலாற்றுக் கேள்வி இருக்கிறது: எது 'சாதாரண' உடம்பு என்று யாருடைய உடம்பை வைத்து முடிவு செய்தார்கள்?

தைமஸ் இருப்பது நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே. பிள்ளைகளில் பெரிதாக இருந்து, வயது போகப் போகச் சுருங்கும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரைக்கும் அதன் வேலை ஒருவருக்கும் விளங்கவில்லை.

வெட்டிப் படிக்கக் கிடைத்த உடல்கள் பெரும்பாலும் ஏழைகளுடையவை. நீண்ட நோயும் பட்டினியும் தைமஸைச் சுருக்கிவிடும். அந்தச் சுருங்கிய அளவையே மருத்துவர்கள் சாதாரணம் என்று எடுத்துக்கொண்டார்கள். நல்லா இருந்த பிள்ளையொன்று திடீரென இறந்தால், அதன் இயல்பான தைமஸ் அவர்களுக்கு வீங்கியதாகத் தெரிந்தது. அதுதான் மூச்சை அடைத்தது என்று நம்பி, அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான குழந்தைகளின் தைமஸுக்கு எக்ஸ்-கதிர் பாய்ச்சினார்கள். அப்படிக் கதிர் பட்ட பிள்ளைகள் சிலருக்குப் பிறகு தைரொயிட் புற்றுநோய் வந்ததை 1950இல் டஃபி, ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற இருவர் எழுதினார்கள்.

தைமஸின் உண்மையான வேலையைக் காட்டியது சுண்டெலிகள். இங்கிலாந்தில் எலிகளின் இரத்தப் புற்றுநோயை ஆராய்ந்துகொண்டிருந்த ஜாக் மில்லர், பிறந்தவுடனேயே சில குட்டிகளின் தைமஸை வெட்டியெடுத்தார். அவை மெலிந்து, தொற்று நோய்களால் செத்துப்போயின. இரத்தத்தில் நிணநீர்க்குழியங்கள் குறைந்திருந்தன. வேறு எலியின் தோலை ஒட்டினால்கூட உடம்பு அதை எதிர்க்கவில்லை. 1961இல் இது வெளியானது. வளர்ந்த எலியில் இதே சுரப்பியை எடுத்தபோது பெரிதாக ஒன்றும் நடக்காததால்தான் அதுவரை அதை உதவாத உறுப்பு என்று நினைத்தார்கள். நிர்ப்பீடனத்துக்கான குழியங்கள் பிறந்த காலத்திலேயே அங்கிருந்து உடம்பெங்கும் போய்விடுகின்றன என்பது பிறகுதான் விளங்கியது.

அடுத்து வந்தது ஒரு மொட்டை எலி. 1962இல் கிளாஸ்கோவில் ஒரு வைரஸ் ஆய்வுகூடத்தில், உடம்பில் மயிரே இல்லாத குட்டிகள் பிறந்தன. அவற்றுக்குத் தைமஸும் இல்லை என்று 1968இல் பன்டெலூரிஸ் கண்டார். மில்லர் கத்தியால் செய்ததை இயற்கை பிறவியிலேயே செய்திருந்தது. காரணமான பரம்பரையலகு 1994இல் பிடிபட்டது. தென் இத்தாலியில் மயிரும் நிர்ப்பீடனமும் இல்லாமல் பிறந்த இரு சகோதரிகள் பற்றி 1996இல் மருத்துவர்கள் எழுதினார்கள். அதே பரம்பரையலகில்தான் கோளாறு என்று 1999இல் தெரிந்தது. அந்தப் பிள்ளைகளின் வருத்தத்துக்குப் பெயர் கிடைக்க, எலி ஏற்கெனவே வழி காட்டியிருந்தது.

அதற்காக எலி மனிதனின் அச்சுப் பிரதி இல்லை. பிலடெல்பியாவில் ஏஞ்சலோ டிஜோர்ஜ் 1965இல் விவரித்த பிறவிக் குறைபாட்டில் தைமஸ் வளராமலோ குறைவாகவோ இருக்கும். 22ஆம் நிறமூர்த்தச் சோடியில் ஒன்றில் சிறு துண்டு இல்லாமல் போவதே பெரும்பாலும் காரணம். அந்தத் துண்டிலுள்ள டி.பி.எக்ஸ்.1 என்ற பரம்பரையலகை 2001இல் எலிகளில் நீக்கிப் பார்த்தார்கள். ஒரு பிரதி போனால் இதயத்தையொட்டிய நாடிகளில்தான் முக்கியமாகக் கோளாறு. இரண்டும் போனபோதுதான் தைமஸே இல்லை. மனிதக் குழந்தைக்கோ ஒன்று போனாலே ஆபத்து வரலாம்.

தைமஸ் இல்லாமல் பிறக்கும் பிள்ளைகளுக்குத் தைமஸ் இழையம் பொருத்தும் சிகிச்சைக்கு அமெரிக்கா 2021இல் அனுமதி கொடுத்தது. வேறு குழந்தைகளின் இதயச் சத்திரசிகிச்சையில், இதயத்தை எட்டுவதற்காக வெட்டி அகற்றப்படும் தைமஸிலிருந்துதான் அந்த இழையம் வருகிறது.

இவ்வளவுக்கும் செத்த எலிகளுக்குக் கணக்கில்லை, அந்தக் கேள்வியை நாங்கள் தட்டிக்கழிக்கவும் இல்லை. ஆனால் எக்ஸ்-கதிர் பட்ட பிள்ளைகள் விஷயத்தில், அந்தச் சுரப்பி என்ன செய்கிறது என்று விளங்குவதற்கு முதலே கதிரைப் பாய்ச்சிவிட்டார்கள். ஏழையின் நோய்பட்ட உடம்பை அளவுகோலாக்கி, சுகமான பிள்ளைக்கு வருத்தம் என்று முடிவுகட்டினார்கள். இனி ஆராவது 'இதுதான் நோர்மல்' என்று சொன்னால், யாரை அளந்து பார்த்தீர்கள் என்று ஒருக்கால் கேட்போம்.