துறைமுகத்து நிலவறை

திருகோணமலை என்றதும் கோணேசர் ஆலயமும் இயற்கைத் துறைமுகமும் நம் நினைவில் எழும். உப்புவெளிக்குத் தெற்கே, அத்துறைமுகத்தின் கடற்படைத் தளத்தினுள், ஊரார் அறியாத நிலவறைகளும் இருந்தன. 2015ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் வல்லுநர் குழுவொன்று அவற்றை நேரிற் கண்டது.

2008, 2009ஆம் ஆண்டுகளில் கொழும்பிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் கடத்தப்பட்ட பதினொருவர் அங்கே அடைக்கப்பட்டிருந்தனர் என்பது வழக்கு. கப்பம் பறிப்பதற்காகவே கடத்தினர் என்று புலனாய்வாளர் முடிவு கண்டனர். குற்றஞ்சாட்டப்பட்டவரோ நாட்டைக் காக்கும் கடற்படையினர். வேலியே பயிரை மேய்ந்ததென்றால் காவலுக்கு எங்கே போவது?

குற்றப் புலனாய்வுத் திணைக்களத்து அதிகாரி நிசாந்த சில்வா, தொலைபேசிப் பதிவுகளையும் சாட்சிகளின் கூற்றுகளையும் இழை இழையாகக் கோத்து உண்மையைத் தேடினார். 2018 நவம்பரில் அவருக்கு இடமாற்றம் வந்தது. எதிர்ப்பு எழவே சில நாட்களில் அது மீளப்பெறப்பட்டது. மறு ஆண்டு நவம்பரில், ஆட்சி மாறிய சில நாட்களிலேயே, அவர் குடும்பத்துடன் சுவிட்சர்லாந்து சென்றார். 2021இல், முன்னாள் கடற்படைத் தளபதி ஒருவர் மீதான குற்றச்சாட்டுகளைத் தொடர்வதில்லை என்று சட்டமா அதிபர் அறிவித்தார்.

துப்புத் துலங்கினால் மட்டும் நீதி துலங்கிவிடாது. துப்பறிவோனைக் காக்கும் துணிவும் நாட்டுக்கு வேண்டும். அந்தப் பதினொருவரும் வீடு திரும்பவில்லை.