வேப் திரியின் கதை: எண்ணெய் வத்தினா என்ன ஆகும்?

"எந்தப் பஞ்சு போட்டா நுரையீரலுக்கு நல்லது டாக்டர்?"

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துத் தம்பிகள் சிலர் இன்பாக்ஸில் கேட்கும் கேள்வி. வேப் கருவியில் கம்பிச்சுருளைத் தாங்களே சுற்றி, நடுவில் திரி கோர்த்துக்கொள்பவர்கள். இதற்குப் பதில் சொல்ல, கொஞ்சம் பழைய கதை பேசணும்.

திரியின் வேலை நம்ம அகல் விளக்கில் பார்ப்பதுதான். இழைகளுக்கு நடுவே திரவம் ஏறி வரும். இங்கே நெருப்புக்குப் பதில் சூடான கம்பி, அது திரவத்தை ஆவியாக்கும். எண்ணெய் இருக்கும்வரை திரி தாக்குப்பிடிக்கும். வத்திடுச்சுன்னா கருகும். அந்தக் கருகல் புகைக்கு இவர்கள் வைத்த பெயர் 'ட்ரை ஹிட்'.

1963-ல் ஹெர்பர்ட் கில்பர்ட் என்ற அமெரிக்கர் புகையில்லா சிகரெட்டுக்குக் காப்புரிமை கேட்டார். 1965-ல் கிடைத்தது, ஆனால் கடைக்கு வரவில்லை. 2003-ல் சீன மருந்தாளுநர் ஹான் லிக் இன்றைய கருவிக்கு வழி போட்டார். ஆரம்பத்தில் செயற்கைப் பஞ்சு. பிறகு சிலிக்கா கயிறு. சூடு தாங்கும், ஆனால் நுண்ணிழை உதிர்ந்து மூச்சில் போய்விடுமோ என்று பயம். அப்புறம் எஃகு வலை, பீங்கான் இழை, ரேயான். கடைசியில் பெரும்பாலோர் வந்து சேர்ந்தது பருத்திக்கு. (நம்ம பாட்டி முதல்லயே அங்கதான் இருந்தாங்க!)

'இதுதான் பாதுகாப்பானது' என்ற பேச்சு புகையிலை வியாபாரத்துக்குப் புதுசு இல்லை. 1952-ல் அமெரிக்காவின் லோரிலார்ட் கம்பெனி 'கென்ட்' சிகரெட்டை ஆரோக்கியத்துக்கு உகந்த ஃபில்டர் என்று விற்றது. அந்த ஃபில்டருக்குள் இருந்தது நீல ஆஸ்பெஸ்டாஸ்! 1956 வரை அப்படியே விற்றார்கள். அந்த ஃபில்டர் பொருளைத் தயாரித்த ஆலையில் 1953-ல் வேலை பார்த்த 33 ஆண்களைப் பின்னாளில் தேடிப் பார்த்தார்கள். 28 பேர் இறந்திருந்தார்கள். வழக்கமான கணக்குப்படி 8 பேர்தான் இறந்திருக்கணும். 1989-ல் வந்த ஆய்வு இது.

சரி, பருத்தி? மெடிக்கல்ல விக்கிற பஞ்சு புண் துடைக்கத் தயாரித்தது, சூடாக்கி இழுக்க இல்லை. 2015-ல் ஓர் ஆய்வு, 3.3 வோல்ட்டில் காணாத ஃபார்மால்டிஹைடு சேர்மங்கள் 5 வோல்ட்டில் வருவதாகச் சொன்னது. 'அந்தச் சூட்டில் திரி காய்ந்துவிடும், யாராலும் இழுக்க முடியாது' என்று எதிர்வாதமும் வந்தது. நியாயமான வாதம்தான். ஆனா தம்பி, திரி காயும் நொடி உங்களுக்கு இருமலுக்கு அப்புறம்தானே தெரியும்?

2019-ல் அமெரிக்காவில் வேப் நுரையீரல் பாதிப்பு பரவியது. 2020 பிப்ரவரிக்குள் 68 சாவுகள். முக்கியக் குற்றவாளி, கஞ்சா எண்ணெயில் கலந்த வைட்டமின் ஈ அசிடேட். எந்தத் திரியும் அதை வடிகட்டியிருக்காது.

2008 அக்டோபர் 2 முதல் பொது இடத்தில் புகைபிடிக்கத் தடை வந்தப்போ மத்திய சுகாதார அமைச்சர், நம்ம திண்டிவனம் பக்கத்துத் தைலாபுரம் குடும்பத்து டாக்டர் அன்புமணி. 2018 செப்டம்பரில் தமிழக அரசு இ-சிகரெட்டைத் தடை செய்தது. 2019 செப்டம்பரில் நாடு முழுக்கத் தடை. விற்றால் முதல் முறையே ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

அதனால் என்கிட்ட பஞ்சு பெயர் கிடைக்காது. நிகோட்டினை விட நினைத்தால் 1800-11-2356-க்கு போன் போடுங்க, காசு கிடையாது.