பிரிட்டன் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்

பிரிட்டன் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட தொலைநிலைக் கல்வி நிறுவனம். பள்ளிச் சான்றிதழ் கேட்காமலே இளநிலைப் படிப்பில் சேர்த்துக்கொள்வது இதன் தொடக்ககால விதி.

1963 செப்டம்பரில் தொழிற்கட்சித் தலைவர் ஹரால்டு வில்சன், கிளாஸ்கோ கூட்டமொன்றில் ‘வான்வழிப் பல்கலைக்கழகம்’ பற்றிப் பேசினார். பேச்சோடு போயிருக்கக்கூடிய அந்த யோசனையைக் கரைசேர்த்தவர் ஜென்னி லீ. ஸ்காட்லாந்துச் சுரங்கத் தொழிலாளியின் மகளான இவர், வில்சன் அரசில் அமைச்சராக இருந்தார். உழைக்கும் மக்களுக்குத்தானே என்று தரங்குறைந்த பட்டம் தருவதை இவர் கடைசிவரை ஏற்கவில்லை. இந்தப் பிடிவாதமே பல்கலைக்கழகத்தின் உண்மையான அடித்தளம். எதிர்க்கட்சியின் இயன் மெக்லியோட் திட்டத்தையே வெறும் பிதற்றல் என்று ஒதுக்கினார். ஆயினும் 1966இல் வெள்ளை அறிக்கை வெளிவந்தது. 1969 ஏப்ரல் 23 அன்று அரச சாசனமும் கிடைத்தது. வால்ட்டர் பெர்ரி முதல் துணைவேந்தரானார். 1970இல் ஆட்சி மாறியபின், புதிய கல்வி அமைச்சர் மார்கரெட் தாட்சர் இதைத் தொடர விட்டார்.

1971 ஜனவரியில் கலை, சமூக அறிவியல், கணிதம், அறிவியல் ஆகிய 4 அடிப்படைப் பாடங்கள் தொடங்கின. சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 24,000 பேர். அதே மாதம் நாடு முழுவதும் தபால் ஊழியர் வேலைநிறுத்தம் மூண்டு மார்ச் வரை நீடித்தது. பாடநூலும் ஒப்படைப்பும் தபாலில் போய்வர வேண்டிய நிறுவனத்துக்கு அது முதல் சோதனை.

அறிவியல் மாணவர்களுக்கு வீட்டிலேயே சோதனை செய்யப் பெட்டி அனுப்பப்பட்டது. அதில் வேதிப்பொருள்களோடு, கையில் பிடித்துப் பார்க்கும் பிளாஸ்டிக் நுண்ணோக்கி ஒன்றும் இருக்கும். அடுப்படி மேசையே ஆய்வகம். பாடம் முடிந்ததும் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். பிபிசியின் விடிகாலை, பின்னிரவு ஒளிபரப்புகள், ஒப்படைப்பைத் திருத்திக் குறிப்பெழுதும் பயிற்றுநர், கோடையில் ஒரு வாரம் தங்கிப் படிக்கும் பள்ளி ஆகியவை இதனுடன் சேர்ந்தன. ஒவ்வொரு பாடத்தையும் ஒரே பேராசிரியர் எழுதவில்லை. பல ஆசிரியர்களும் பிபிசி தயாரிப்பாளரும் கூடி, வரிவரியாக விவாதித்து உருவாக்கினார்கள். இந்த முறைதான் பிற நாடுகள் இங்கிருந்து கற்ற முக்கியமான பாடம்.

முதல் பட்டங்கள் 1973இல் வழங்கப்பட்டன. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1980இலும், இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985இலும் தோன்றியபோது இதுவே முன்மாதிரி. பிபிசியின் பின்னிரவுப் பாட ஒளிபரப்பு 2006இல் நின்றது. அதற்குள் பாடங்கள் இணையத்துக்கு மாறத் தொடங்கியிருந்தன.