மன்ற மரங்கள்

ஊர் கூடி வழக்குத் தீர்த்த பொதுவிடங்களில் நிழல் தந்த ஆல், வேம்பு, அரசு, புளி முதலிய மரங்கள். ஜெர்மானிய ஊர்களில் லிண்டன் மரத்தடியில் நீதி வழங்கிய வழக்கத்தோடு ஒப்பிடத்தக்கவை. செட்டிநாடு உட்படத் தமிழகம் எங்கும் மரத்தடியில் கூடும் வழக்கம் இருந்தது.

விரிவான சான்று சங்க இலக்கியத்திலேயே கிடைக்கிறது. புறநானூற்றில் மன்றத்து வேம்பும் பலாவும் விளாவும் வெவ்வேறு பாடல்களில் இடம்பெறுகின்றன. குறுந்தொகை 15ஆம் பாடலில், முதிய ஆலமரத்தடிப் பொதியிலில், அதாவது ஊர்ப் பொதுவிடத்தில், நாலூர்க் கோசர் என்னும் குலத்தார் சொன்ன சொல் பொய்க்காததை ஔவையார் உவமையாக்குகிறார். அந்த ஆல் நின்ற ஊர் எது என்பது முடிவாகவில்லை. கோசரைத் துளுநாட்டினர் என்பாரும் கொங்குநாட்டினர் என்பாரும் உண்டு.

தெளிவான வழக்கு விசாரணை அகநானூறு 256இல் வருகிறது. கள்ளூரில் ஒரு பெண்ணின் நலம் கவர்ந்தவன், அவளை அறியேன் என்று பொய்ச்சூள் உரைக்கிறான். அவையம் சாட்சிகளைக் கேட்டு உண்மை அறிந்து, தளிர் நிறைந்த மரக்கிளையில் அவனை இறுகக் கட்டித் தலையில் நீறு பெய்கிறது. நீறு என்றது சாம்பலையா சுண்ணாம்பையா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

பொதியிலில் தெய்வம் உறையும் கந்து என்னும் தூண் நின்றது. அவ்விடத்தை மெழுகி, அந்தியில் விளக்கேற்றினர். வெளியூரார் அங்கே தங்கினர் என்கிறது பட்டினப்பாலை. நரைத்த முதியவர்கள் சூதாடும் காய்களை உருட்டி உருட்டித் தரையே குழிந்துபோனதையும், ஊர் பாழான பின் அக்குழிகளில் காட்டுக்கோழி முட்டையிட்டதையும் புறநானூறு 52 சொல்கிறது. அவையின் நீதிமுறையை விட அங்கு நடந்த அன்றாட வாழ்வை நெருங்கிக் காட்டும் செய்தி இது.

கந்து வழிபாடு கோயிலாகவும் மன்ற மரம் தலமரமாகவும் வளர்ந்தன என்பது ஒரு கருத்து. மரத்தின் பெயர் ஊருக்கும் கோயிலுக்கும் பொதுவாக நிற்பதும் உண்டு: முன்பு மருதங்குடி எனப்பட்ட செட்டிநாட்டுப் பிள்ளையார்பட்டியின் தலமரம் மருது.

சோழர் கால ஊராட்சிக்கு 919, 921ஆம் ஆண்டுகளின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் பேர்பெற்றவை. ஆனால் அவ்வூர்ச் சபைக்கு மரத்தடி அல்ல, மண்டபம் இருந்தது.

சிவகங்கைச் சீமையில் பாகனேரி, பட்டமங்கலம் போன்ற ‘நாடு’ எனப்பட்ட ஊர்த்தொகுதிகளின் தலைவர்கள், மன்றத்தையும் குறிக்கும் அம்பலம் என்னும் பட்டம் பெற்றனர். செட்டிநாட்டு வணிகரான நகரத்தார் தமக்குரிய ஒன்பது கோயில்களைச் சார்ந்து சமூகக் காரியங்களை ஒழுங்குபடுத்திக்கொண்டனர். பின்னர் ஆங்கிலேயர் ஆட்சியில், 1816இல் சென்னை மாகாணச் சட்டங்கள் கிராம முன்சீப் என்னும் ஊர் அலுவலருக்குச் சிறு வழக்குகளை விசாரிக்கும் அதிகாரம் தந்தன.

ஆலமரம், சொம்பு, ஜமக்காளம் என்று இன்று மனத்தில் எழும் காட்சிக்குச் ‘சின்னக் கவுண்டர்’ (1992), ‘நாட்டாமை’ (1994) போன்ற திரைப்படங்களே பெரிதும் காரணம். நிழலில் யார் உட்காரலாம், யார் தள்ளி நிற்க வேண்டும் என்பதைச் சாதி வகுத்த கொடுமையை அவை போதிய அளவு காட்டவில்லை.

கட்டப்பஞ்சாயத்து சட்டவிரோதம் என்று 2011இல் ஆறுமுகம் சேர்வை வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டப்படி அமைந்த கிராம சபையோ தமிழகத்தில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. சில ஊர்களில் அது மரத்தடியிலேயே நடக்கிறது. வழக்குகளில் தண்டனை விதிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை.