விலக்கப்பட்ட சுனை

ஓர் ஊர் எவ்விடத்தே தோன்றிற்று என்று அறிய விரும்புவோர், அவ்விடத்தே குடிநீர் எங்கிருந்தது என்று முதலில் நோக்குதல் வேண்டும். சிங்கப்பூரின் பழமை என்றவுடன் 1819ஆம் ஆண்டையும் ராபிள்ஸ் துரையையும் சுட்டிவிட்டு அமைந்துவிடுவோர் நம்மில் பலர். அதற்கு ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அங்கே ஓர் ஊர் இருந்தது. அவ்வூரின் பெயரோ ஒரு சுனையினின்று பிறந்தது.

அச்சுனை இருந்த இடத்தைக் காண நெடும்பயணம் வேண்டுவதில்லை. டேங்க் ரோட்டுத் தண்டாயுதபாணி கோயிலுக்கு அருகே, தூங்குமூஞ்சி மரங்கள் கிளைபரப்பி நிற்கும் கானிங் கோட்டைக் குன்றின் மேற்குச் சரிவே அவ்விடம். குழந்தைகளைக் கைப்பிடித்துக்கொண்டு, முதியோரும் இளைப்பாறி இளைப்பாறி நடந்து, ஒரு விடுமுறை நாட்காலையிலேயே கண்டு திரும்பலாம். ஆனால் காணும் இடத்தின் கதை தெரியாமற் போனால், நிழலில் நடந்த பயன் ஒன்றே மிஞ்சும்.

வாங் தாயுவான் என்னும் சீன வணிகர் தாம் கண்ட நாடுகளைப் பற்றி 1349ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதினார். அதிலே இக்குன்றிலிருந்த ஊரைப் ‘பான்சு’ என்று குறிக்கிறார். மலாய் மொழியில் ‘பஞ்சூர்’ என்பது பாய்ந்து விழும் ஊற்றுநீரைக் குறிப்பது. அச்சொல்லே சீனர் நாவில் பான்சு ஆயிற்று என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. அவ்வூர் மக்கள் கடல்நீரைக் காய்ச்சி உப்பெடுத்தனர், அரிசியைப் புளிக்கவைத்து மது வடித்தனர் என்றும் அவர் எழுதியுள்ளார்.

மலாய் மக்கள் இக்குன்றை ‘புக்கிட் லாராங்கான்’, அதாவது விலக்கப்பட்ட குன்று, என்றும், சுனையை ‘பஞ்சூர் லாராங்கான்’ என்றும் வழங்கினர். விலக்கியவர் யார்? தமிழ்க் குருதியும் அரபுக் குருதியும் கலந்த குடியில் மலாக்காவிற் பிறந்த முன்ஷி அப்துல்லா, தமது வரலாற்று நூலில் அதனை விளக்குகிறார். பண்டை அரசர் குன்றின்மேல் அரண்மனை கட்டி வாழ்ந்தனராம். பிறர் ஏறலாகாது என்று தடுத்தனராம். சுனை அவர்கள் நீராடும் துறையாம். அரசர் மறைந்த பின்னரும் தடை மறையவில்லை. குன்றிலே முரசொலியும் ஆரவாரமும் கேட்பதாகச் சொல்லி மக்கள் அஞ்சினர். பார்க்குவார் துரை மேலே செல்ல நினைத்தபொழுது தெமெங்கோங்கின் ஆட்கள் மறுத்தனர். மலாக்காவிலிருந்து வந்தோர் பீரங்கியை மேலே இழுத்துச் சென்று வெடித்தனர். பேய் ஒன்றும் புறப்படவில்லை.

அச்சம் நீங்கியபின் அறிவு அங்கே வேலை செய்யத் தொடங்கிற்று. 1822இல் கிராபோர்டு என்பவர் இடிந்த செங்கற் சுவர்களையும், முதிர்ந்த பழமரங்களையும், பழைய சீனக் காசுகளையும் கண்டு குறித்தார். 1928இல் நீர்த்தேக்கம் கட்ட மண்வெட்டிய தொழிலாளர் பொன் அணிகலன்களைக் கண்டெடுத்தனர். 1984இல் நடந்த அகழாய்வு பதினான்காம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் துண்டுகளை வெளிப்படுத்திற்று. பேய்க்கதை மூடி வைத்திருந்த வரலாற்றை மண்வெட்டியே திறந்தது.

சுனை என்னவாயிற்று? குன்றின்மீது ஆங்கிலக் கொடி ஏறியபின் அந்நீர் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு வழங்கப்பட்டது. அரச குடும்பத்துக்கென்று விலக்கப்பட்டிருந்த நீரைக் கப்பலோட்டியும் பருகினான். நீருக்கும் மேல் கீழ் கற்பித்த வழக்கத்தால் வருந்திய நம் மக்கள், இம்மாறுதலைக் கேட்டு மகிழாதிருக்க மாட்டார்கள். ஆனால் கதை அங்கே முடியவில்லை. மக்களும் கப்பல்களும் பெருகின. 1830 அளவில் ஊற்று போதாதாயிற்று. குன்றின் அடியைச் சுற்றிக் கிணறுகள் பல வெட்டப்பட்டன. அவற்றால் சுனை வற்றிப்போயிற்று. தமக்கு வேண்டிய நீரைத் தாம் எடுப்பதாகவே அவரவர் எண்ணினர். எல்லார்க்கும் ஊட்டிய ஊற்றைக் காப்பது எவர் வேலையாகவும் இருக்கவில்லை.

இக்குன்றின் நீரோடு தமிழர்க்கும் உறவுண்டு. 1859இல் செட்டியார்கள் தண்டாயுதபாணி கோயிலை எழுப்புமுன், குன்றின் நீர் வந்து சேர்ந்த குளக்கரையில், அரசமரத்தடியிலே வேல் நாட்டி வழிபட்டனர் என்பது கோயில் வரலாறு. நீராடுவதற்கு நல்ல இடம் என்றே அக்கரையை அவர்கள் தேர்ந்தனர்.

இன்று குன்றின் உச்சியில் இருப்பது 1929இல் திறக்கப்பட்ட நீர்த்தேக்கம். தன் ஊற்றினால் ஓர் ஊருக்கே பெயரளித்த குன்று, இப்பொழுது வேறிடத்து நீரைச் சுமந்து நிற்கிறது. 2019இல் மேற்குச் சரிவிலே, பழைய ஜாவானிய நீராடுதுறையின் பாணியில், பஞ்சூர் லாராங்கான் மீண்டும் கட்டப்பட்டது. அது நினைவுச் சின்னம், பழைய சுனையன்று. ஆயினும் அதன் முன்னே எவரும் நிற்கலாம், போவென்று விரட்டுவார் இல்லை.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். தோட்டத்துக் குழாயடியில் குடத்தோடு வரிசை நின்ற பாட்டிமார் வீட்டில் இருப்பின் அவர்களையும் உடனழைத்துச் செல்லுங்கள். நீரின் அருமையை நம்மினும் நன்கு சொல்ல வல்லவர் அவர்களே. ஒருவர்க்கென்று நீரை விலக்குவது அநீதி என்று பிள்ளைகளுக்குக் கூறுங்கள். அத்துடன் நில்லாது, விலக்கு நீங்கிப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் அந்நீர் போதாமற் போன செய்தியையும் கூறுங்கள். பொதுவாக்கிய பொருளைப் பொதுவாகக் காக்கவும் கற்றாலன்றி, உரிமை பெற்றும் நாம் வெறுங்குடத்தோடு நிற்க நேரும்.