பெயர் சொல்லாமல் ஆள் காட்டுதல்: டெக்சாஸ் தேர்தல் நிர்வாகமும் சிறப்புச் சட்டத் தடையும்

1879இல் பென்சில்வேனிய உச்ச நீதிமன்றத்தின் முன் விசித்திரமான சட்டம் ஒன்று வந்தது. அது பொருந்த வேண்டுமானால், 60,000 பேருக்கு மேல் வாழும் கவுண்ட்டியில் (மாநிலத்துக்குள் அடங்கிய நிர்வாகப் பகுதி) 8,000 பேருக்கு மேல் வாழும் நகரம் இருக்க வேண்டும்; கவுண்ட்டித் தலைநகரிலிருந்து வழக்கமான பொதுச்சாலை வழியே அந்த நகரம் 27 மைலுக்கு அப்பால் இருக்க வேண்டும். பெயர் எதுவும் இல்லை. ஆனால் இந்த அங்க அடையாளங்கள் கிராஃபோர்டு கவுண்ட்டியின் டைட்டஸ்வில் நகரத்துக்கே பொருந்தின. பொதுச்சட்டம் போல எழுதிய உள்ளூர்ச் சட்டம் என்று நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது.

ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சட்டம் இயற்றிச் சலுகை வழங்கிய சட்டமன்றங்களுக்கு இந்தியானா (1851), இல்லினாய் (1870), டெக்சாஸ் (1876) முதலிய மாநில அரசமைப்புகள் கடிவாளம் இட்டன. டெக்சாஸ் அரசமைப்பின் 3ஆம் பிரிவு, 56ஆம் உட்பிரிவு, தேர்தல் நடத்துவது பற்றியும் வாக்குச்சாவடிகளை மாற்றுவது பற்றியும் உள்ளூர்ச் சட்டமோ சிறப்புச் சட்டமோ இயற்றுவதைத் தடுக்கிறது.

மக்கள்தொகையைக் கொண்டு வகைப்படுத்துவது மட்டுமே குற்றமாகாது. 1941இல் மில்லர் எதிர் எல் பாசோ கவுண்ட்டி வழக்கில் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல் இது: வகைப்பாட்டுக்கும் சட்டத்தின் நோக்கத்துக்கும் உண்மையான தொடர்பு வேண்டும்; ஒரே கவுண்ட்டியைச் சுட்டும் முகமூடியாக அது இருக்கக் கூடாது.

2023இல் நிறைவேறிய 1750ஆம் எண் மேலவை மசோதாவை இந்த அளவுகோலில் நிறுத்துவோம். 35 இலட்சம் பேருக்கு மேல் வாழும் கவுண்ட்டிகளில் நியமனத்தால் நிரப்பப்படும் தேர்தல் நிர்வாகி பதவியை ஒழித்து, அப்பணிகளை மக்கள் தேர்ந்தெடுக்கும் கவுண்ட்டி கிளார்க்கிடமும் வரி அதிகாரியிடமும் அது ஒப்படைத்தது. 2020 கணக்கெடுப்பில் ஹாரிஸ் கவுண்ட்டியின் மக்கள்தொகை 47,31,145. அடுத்த பெரிய டல்லாஸில் 26,13,539. கோடு கிழித்த இடத்துக்கு மேலே இருந்தது ஹாரிஸ் மட்டுமே. பணி மாற்றமும் 2023 செப்டம்பர் 1 என்ற ஒரே நாளுக்குக் குறிக்கப்பட்டது. ஆகஸ்டில் கீழ்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தும், மாநில உச்ச நீதிமன்றம் சட்டம் நடைமுறைக்கு வர வழிவிட்டது.

அரசுத் தரப்பு வாதத்தை எளிதில் தள்ள முடியாது. 2022 நவம்பர் தேர்தலில் ஹாரிஸின் சில சாவடிகளில் வாக்குத்தாள் போதவில்லை. மக்கள் தேர்ந்தெடுத்த அதிகாரியே மக்களுக்குப் பொறுப்பாவார் என்பதும் நியாயமே. ஆனால் அந்த நியாயம் 35 இலட்சத்தில் ஏன் தொடங்குகிறது? நியமன அதிகாரி பொறுப்பற்றவர் என்றால் டல்லாஸிலும் அவர் பொறுப்பற்றவரே. பெரிய அளவுதான் சிக்கல் என்றால், தேர்தலை மட்டுமே கவனிக்கும் தனி அலுவலகம் பெரிய கவுண்ட்டிக்குத்தான் அதிகம் தேவை. காரணம் ஒரு திசையில் போக, எண் வேறு திசையில் நிற்கிறது.

வரி, சாலை போன்றவற்றில் சட்டமன்றத்தின் மதிப்பீட்டுக்கு நீதிமன்றம் இடம்கொடுப்பது பொருத்தமே. தேர்தலில் அந்தத் தாராளம் ஆகாது. விதியை எழுதுகிறவர்களே அந்த விதிப்படி நடக்கும் தேர்தலில் நிற்கிறார்கள். ஆகவே எண்ணுக்கும் காரணத்துக்குமான தொடர்பை மெய்ப்பிக்கும் சுமை இங்கே அரசின் தோளில் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அனுமதிக்கப்பட்ட உள்ளூர்ச் சட்டத்துக்குக்கூட, மசோதாவைக் கொண்டுவருவதற்கு 30 நாள் முன்பே அந்த ஊரில் அறிவிப்பு வெளியிட வேண்டும் என்கிறது அதே 3ஆம் பிரிவின் 57ஆம் உட்பிரிவு. பொதுச்சட்டம் என்ற வேடம் தடையைத் தாண்டுவதோடு நிற்பதில்லை. ஹாரிஸ் வாக்காளருக்கு வர வேண்டிய அந்த அறிவிப்பையும் பறிக்கிறது.